உள்ளே கிடப்பதற்குப் பெயர் என்ன?

திருகோணமலையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்து வருகிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, திருமணப் பதிவு, பொலிஸ் முறைப்பாடு என்று என் மேசைக்கு வருகிற காகிதங்களில் பெரும்பாலானவற்றுக்குரிய சொற்கள் கையோடு இருக்கின்றன. அகராதியைத் திறக்க வேண்டிய நாள்கள் குறைவு. ஒரு சொல்லுக்காக மூன்று வாரம் அலைந்த கதையை இங்கே எழுதுகிறேன். அந்தச் சொல், குண்டு வெடிக்கும்போது பறந்து வந்து உடலைத் துளைக்கிற உலோகத் துண்டுகளுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘ஷ்ராப்னல்’.

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தம் மகனோடு வந்திருந்தார். 2006ஆம் ஆண்டு எறிகணை வீச்சில் காயப்பட்டவர். இழப்பீட்டுக்காக ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிய அவருடைய கோப்பு திரும்பி வந்துவிட்டது. அவருடைய வாக்குமூலம் செல் (எறிகணை) விழுந்து காயப்பட்டதாகச் சொல்கிறது, மருத்துவ அறிக்கையின் தமிழாக்கமோ உடலுக்குள் ‘துப்பாக்கி ரவைகள்’ இருப்பதாகச் சொல்கிறது, இரண்டும் முரண்படுகின்றன என்பது அவர்கள் எழுதிய காரணம். ஆங்கில மூலத்தை வாங்கிப் பார்த்தேன். இடது தொடையில் பல ஷ்ராப்னல் துண்டுகள் என்றுதான் வைத்தியர் எழுதியிருந்தார். முன்பு மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்திருக்கிறார். அகராதியில் அந்தச் சொல்லுக்கு ‘ரவைகள் நிரப்பப்பட்ட குண்டு’ என்ற பொருள் இருந்திருக்கிறது. அவர் ரவையை எடுத்துக்கொண்டார். ரவை என்றால் இலங்கையில் இன்று துப்பாக்கியிலிருந்து வருவது. ஆகவே ‘துப்பாக்கி’யும் வந்து சேர்ந்துகொண்டது. அம்மாவின் செல் காயம் இப்படித் துப்பாக்கிச் சூட்டுக் காயமாகிவிட்டது.

“இதுக்கு இங்கிலீசில என்ன பேர் எண்டு எனக்குத் தெரியாது தம்பி. நாங்கள் பீஸ் எண்டுதான் சொல்லுறம். உள்ளுக்க மூண்டு பீஸ் கிடக்கு” என்றார் அவர். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். தொடையெலும்பின் பக்கத்தில் மூன்று வெள்ளைத் துண்டுகள். ஒன்று நீளமாக, ஒன்று முக்கோணம் போல, மற்றது உடைந்த பல் போல. ஓரங்கள் எல்லாம் கூராக இருந்தன.

அகராதி பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் என்னைப் பிடித்து நிறுத்திய விடயம். அது சொன்னது இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பொருள். அந்தப் பொருளைத் தேடிக்கொண்டு போனபோது, மனிதர்களைக் குறிவைத்துச் செய்யப்பட்ட பீரங்கிக் குண்டுகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களின் நீண்ட வரிசை ஒன்று எதிரே வந்தது. அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பவை நம்மூர்க் கோட்டை கண்ட பொருள்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற எவரும் பிரட்றிக் கோட்டை வாசலைக் கடந்துதான் மலை ஏற வேண்டும். போர்த்துக்கீசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு 1624இல் கட்டியது. பின்னர் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயரிடமும் அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனிடமும் விழுந்தது. செப்டெம்பர் 3ஆம் திகதி சுஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் நமது கடலுக்கு வெளியே மோதின. 1795இல் கோட்டை மறுபடியும் ஆங்கிலேயருக்குப் போயிற்று. அந்தக் காலத்துப் பீரங்கி என்றால் நமக்கு உருண்டையான இரும்புக் குண்டு நினைவுக்கு வரும். மதிலையும் கப்பலின் பலகையையும் உடைக்க அது போதும். மனிதர்கள் கூட்டமாக ஓடி வரும்போது ஒற்றைக் குண்டு அதிகம் செய்யாது என்பதால், அதே பீரங்கியில் வேறு பொதிகளைப் போட்டார்கள்.

அவற்றில் ஒன்றை ஆங்கிலேயர் ‘கிரேப்’ என்றார்கள், அதாவது முந்திரிகைப் பழம். ஓர் இரும்புத் தட்டின் நடுவே தண்டு ஒன்றை நிறுத்தி, அதைச் சுற்றி, பெரும்பாலும் மூன்று அடுக்கில் ஒன்பதாக, சிறு இரும்புக் குண்டுகளை அடுக்கி, இரட்டுத் துணியால் மூடிக் கயிற்றால் வரிந்து கட்டினால் அது பழக்குலை போலத் தோன்றும். கப்பல்களில் இதுவே அதிகம் புழங்கியது. இதைத் தமிழில் ‘முந்திரிக் குலை’ என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் நாம் கஜு என்று சொல்வதை நினைப்பார். ‘கொத்துக் குண்டு’ என்று எழுதினால் விமானத்திலிருந்து விழுகிற கொத்தணிக் குண்டோடு குழம்பும். ‘குலைக்குண்டு’ என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

மற்றது ‘கேஸ்’ அல்லது ‘கனிஸ்டர்’. தகர உருளைக்குள் சிறு குண்டுகளை நிரப்பி வாயை மூடிவிட்டால், பீரங்கியின் வாயைத் தாண்டியதும் தகரம் கிழிந்து குண்டுகள் கூம்பு போல விரிந்து பாயும். சில நூறு மீற்றர் தூரத்துக்குத்தான் அதற்கு வலு உண்டு, அந்தத் தூரத்துக்குள் அது மிகப் பெரிய வேட்டைத் துவக்கு. இந்தப் பொருளுக்கு இலங்கைத் தமிழன் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. மீன் அடைத்து வருவதும் பால் அடைத்து வருவதும் நமக்குப் பேணி. ரவை அடைத்துப் போவது பேணிக்குண்டு. ஆங்கிலச் சொல்லின் கதையும் ஏறக்குறைய இதுவே: ‘கனிஸ்டர்’ என்பது கிரேக்கத்தில் நாணற் கூடையைக் குறித்த சொல்லின் வழி வந்தது.

ஒரே பொருளை மற்ற மொழிகள் எப்படிப் பார்த்தன என்பதை ஒப்பிட்டால் பெயர் வைத்தவரின் கண் எங்கே போனது என்பது தெரியும். ஜெர்மானியர் ‘கார்டேட்ஷே’ என்கிறார்கள், ரஷ்யர் ‘கார்தேச்’ என்கிறார்கள். இரண்டும் இத்தாலியரின் காகிதச் சுருளிலிருந்து பிறந்தவை. பிரெஞ்சுக்காரர் ‘மித்ராய்’ என்றார்கள். அதன் வேர் சிறு செப்புக்காசைக் குறிக்கும் பழஞ்சொல். உடைந்த உலோகத் துணுக்குகளுக்கு அது பெயராகி, பீரங்கியில் திணிக்கும் துணுக்குகளுக்கும் ஆகி, கடைசியில் இயந்திரத் துப்பாக்கிக்கும் பெயர் கொடுத்தது. நம் மொழியில் சொல்வதானால் சில்லறை. பிரித்தானியப் பேச்சு வழக்கில் இன்றும் சட்டைப்பையில் கிடக்கிற சில்லறைக் காசை ‘ஷ்ராப்னல்’ என்பார்கள். சில்லறையிலிருந்து குண்டுக்கும் குண்டிலிருந்து சில்லறைக்கும் சொற்கள் இரு திசையிலும் நடந்திருக்கின்றன. கூடை, காகிதம், பழக்குலை, காசு என்று எல்லாம் சந்தைக்குரிய சொற்கள். சுடுபவரின் கையில் அந்தப் பொதி எப்படித் தெரிந்ததோ அதுவே பெயராகியிருக்கிறது. எதிரே நின்றவர் கண்டது எந்தப் பெயரிலும் இல்லை.

ஷ்ராப்னல் என்பது ஒரு மனிதரின் பெயர். ஹென்றி ஷ்ராப்னல் 1761இல் பிறந்த ஆங்கிலேயப் பீரங்கிப் படை அதிகாரி. பேணிக்குண்டு சில நூறு மீற்றருக்கு மேல் பயன்படாது என்ற குறையைத் தீர்க்க 1784 அளவில் அவர் ஒரு வழி கண்டார். உள்ளீடற்ற இரும்புக் கோளத்துக்குள் துப்பாக்கிக் குண்டுகளையும் கொஞ்சம் வெடிமருந்தையும் வைத்து, நேரம் கணித்து எரியும் திரி ஒன்றைப் பொருத்தினார். கோளம் தொலைவுக்குப் பறந்து, எதிரிப் படைக்குச் சற்று முன்பாக வானிலேயே திறந்துகொள்ளும். குண்டுகள் கோளம் பறந்த வேகத்திலேயே முன்னோக்கிப் பாயும். பேணிக்குண்டைத் தொலைவில் கொண்டுபோய்த் திறக்கிற ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். அவர் வைத்த பெயரும் ‘கோளக் கேஸ்’ என்பதே. 1803இல் ஆங்கிலேயப் படை இதை ஏற்றுக்கொண்டது. அப்படையின் தலைமைத் தளபதி அப்போது யோர்க் கோமகன் பிரட்றிக். நம் கோட்டைக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டதும் அதே 1803இல்தான். அடுத்த ஆண்டு தென்னமெரிக்காவின் சுரினாமில் ஒல்லாந்தருக்கு எதிராக அது முதன்முதலாகச் சுடப்பட்டது. ஷ்ராப்னல் 1842இல் இறந்தார். 1852இல்தான் அரசு அந்தக் குண்டுக்கு அவருடைய பெயரை அதிகாரபூர்வமாகச் சூட்டியது.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் பிரித்தானியரின் 18 இறாத்தல் பீரங்கிக்கு இந்த வகைக் குண்டு ஒன்றே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 375 ஈயக் கலவைக் குண்டுகள். அகழிக்குள் பதுங்கியவர்களை அதனால் அவ்வளவாகத் தொட முடியவில்லை. உயர்சக்தி வெடிமருந்து நிரப்பிய எறிகணை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது, சில பத்தாண்டுகளில் ஷ்ராப்னல் குண்டு வழக்கொழிந்தது.

பொருள் போய்விட்டது, பெயர் போகவில்லை. உயர்சக்தி எறிகணைக்குள் ரவை எதுவும் கிடையாது. வெடிமருந்து தன்னை மூடியிருக்கும் உருக்குக் கூட்டையே நூற்றுக்கணக்கான கூரான துண்டுகளாக உடைத்து எறிகிறது. 1914இன் ஷ்ராப்னல் குண்டில் கூடு ஒரு துப்பாக்கிக் குழல் போல முழுதாக நிற்கும், உள்ளிருப்பவை மட்டும் வெளியேறும். இங்கே கூடுதான் ஆயுதம். அதில் வருவது உருண்டை, இதில் வருவது கிழிசல். வேலை செய்யும் முறையில் இரண்டும் எதிரெதிரானவை. ஆனாலும் செய்தியாளர்களும் வைத்தியர்களும் பொதுமக்களும் பறந்து வந்து உடலைத் துளைக்கிற எல்லா உலோகத் துண்டுக்கும் ஷ்ராப்னல் என்ற பெயரையே நீட்டிவிட்டார்கள். ரஷ்ய மொழி இந்தக் குழப்பத்தில் விழவில்லை; உடைந்த சில்லுக்கு அது ‘அஸ்கோலக்’ என்ற தனிச்சொல்லை வைத்திருக்கிறது, எறிகணையின் வகைப் பெயரையும் அந்தச் சொல்லிலிருந்தே உண்டாக்கியது. தமிழில் நமக்கும் ‘சிதறல்’ இருக்கிறது. வைத்தியர் இன்றைய பொருளில் எழுதினார், மொழிபெயர்ப்பாளர் பழைய பொருளில் படித்தார், இடையில் ஒரு கோப்பு திரும்பி வந்தது.

‘ரவை’ என்ற சொல்லும் அதே மாதிரி நகர்ந்திருக்கிறது. துணுக்கு, நொய், வேட்டைத் துவக்கில் போடும் சிறு குண்டு என்பவை அதன் பழைய பொருள்கள். நமது பொலிஸ் செய்திகளில் ரி-56 துப்பாக்கியின் தோட்டாவுக்கும் இன்று அதுவே பெயர். ‘சன்னம்’ என்றால் மெல்லியது, நுண்ணியது. அதுவும் துப்பாக்கிக் குண்டுக்கு ஆகிவிட்டது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ‘குண்டு’ என்பது பீரங்கியில் போடுவதையும் துப்பாக்கியில் போடுவதையும் விமானம் போடுவதையும் ஒருசேரக் குறிக்கும். ‘எறிகணை’ என்ற சொல் நம் பக்கத்துக் கொடை, அதற்காக நான் பெருமைப்படுகிறேன். எறியப்படுவது, கணை போல வருவது என்று அது தன் செயலைத் தானே சொல்கிறது.

மனிதரைத் தாக்கவென்றே செய்த குண்டுகளுக்கும் வெடிகளுக்கும் ஆங்கிலத்தில் சேர்க்கிற ‘அன்டி-பேர்சனல்’ என்ற அடைமொழி என்னை இன்னும் அதிகமாக உறுத்தியது. ‘பேர்சனல்’ என்பது அலுவலகச் சொல். நமது நிருவாகத் தமிழில் அதற்கு ஆளணி என்கிறோம், ஆளணி வெற்றிடம், ஆளணி அங்கீகாரம் என்று சுற்றறிக்கைகளில் வரும். அந்தச் சொல்லை ஒரு குண்டின் மீது ஒட்டினால், குண்டு எதிர்ப்பது ஒரு பதிவேட்டை என்று தோன்றும். ரஷ்யர் தங்கள் வகைச் சொல்லில் காலாட்படை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். நமது மக்கள் நிலத்தில் புதைத்த வெடிக்கு வைத்த பெயர் மிதிவெடி. அதில் ஒரு பாதம் இருக்கிறது. இலங்கை 2017 டிசெம்பரில் அதைத் தடை செய்யும் உடன்படிக்கையில் இணைந்தபோது வந்த காகிதங்களில் ‘ஆளணிக்கு எதிரான’ என்று எழுதுவதா, ‘ஆட்களுக்கு எதிரான’ என்று எழுதுவதா என்ற கேள்வி எழுந்தால், என் விடை இரண்டாவது. ஆள் என்றால் ஆள்.

தாங்கிக் குண்டுகளின் பெயர்களுக்கு வருமுன் ‘தாங்கி’ என்ற சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையில் ‘டாங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்பது ஒரு தனி வேலை. கந்தளாய்க்குப் போனால் அது குளம். சீனக்குடாவுக்குப் போனால் எண்ணெய்க் குதம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கியபோது எரிந்தது அப்படி ஒன்று. படை முகாமில் அது யுத்தத் தாங்கி. மூன்றாவது பொருள் தோன்றியதே மறைப்பதற்காகத்தான்: 1915இல் பிரித்தானியர் இந்த வாகனத்தைச் செய்தபோது தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி இரகசியம் காத்தார்கள், 1916 செப்டெம்பரில் அது களத்துக்கு வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழர் அந்த ஒலியைத் ‘தாங்கு’ என்ற வினையோடு பொருத்தித் தாங்கி ஆக்கியது மிக நல்ல ஆக்கம்.

தாங்கியின் பீரங்கி பெரும்பாலும் மற்றொரு தாங்கியைத் துளைப்பதற்கானது. ஆட்கள் நெருங்கி வந்தால் என்ன செய்வது என்ற பழைய கேள்வி அங்கேயும் எழுந்தது, பழைய விடையே திரும்பி வந்தது. அமெரிக்கரின் 120 மில்லிமீற்றர் தாங்கிப் பீரங்கிக்குரிய எம்1028 என்பது பெயரிலும் அமைப்பிலும் கனிஸ்டர்தான். ஈயத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 1,100 டங்ஸ்டன் குண்டுகள், சுமார் 500 மீற்றர் வரை. சுஃப்ரனின் கப்பலில் இருந்த பீரங்கிக்காரர் ஒருவருக்கு அதை விளக்க நீண்ட நேரம் எடுக்காது.

படைக்களஞ்சியப் பதிவேட்டில் இதை எழுதும் முறையும் மொழிபெயர்ப்பாளனுக்குச் சோதனை வைக்கும். அங்கே பெயர்ச்சொல் முதலில் வரும், அடைமொழிகள் பின்னால் வரிசையாக நிற்கும்: தோட்டா, 120 மி.மீ., கனிஸ்டர், எம்1028. தமிழ் அப்படிப் பேசாது. அடைகள் முன்னே வந்து பெயரில் போய் முடிய வேண்டும். ‘எம்1028 வகை 120 மி.மீ. பேணிக்குண்டுத் தோட்டா’ என்று தலைகீழாக்கினால்தான் வாசிக்க முடியும். பலர் மூலத்தின் வரிசையை அப்படியே விட்டுவிடுவதால்தான் இத்தகைய ஆவணங்கள் தமிழில் சரக்குப் பட்டியல் போல ஆகிவிடுகின்றன.

வேறு சிலவற்றில் குண்டுக்குப் பதிலாகச் சிறு உருக்கு அம்புகளை நிரப்பினார்கள். அமெரிக்கரின் 105 மி.மீ. எம்546 எறிகணையில் அரைக் கிராம் எடையுள்ள 8,000 அம்புகள். 1966இல் வியட்நாமில் முதலில் சுடப்பட்டது. அதன் இரைச்சலை வைத்து ‘தேன்கூடு’ என்று அழைத்தார்கள். அந்த அம்புகளுக்கு ‘ஃப்ளெஷெட்’ என்று பெயர், பிரெஞ்சில் சிறிய அம்பு. ரஷ்யத் தாங்கிக்குரிய அதே வகைக் குண்டுக்கு ‘வோரன்’, அதாவது அண்டங்காகம். இஸ்ரேலியர் ஆட்களுக்கு எதிரான தம் தாங்கிக் குண்டுகளுக்கு மலர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள்: ‘கலனித்’, ‘ரகெஃபெத்’ என்பவை அந்நாட்டு நிலத்தில் பூப்பவை.

மலர்ப்பெயர் என்றதும் தமிழ் வாசகருக்கு வெட்சியும் தும்பையும் நினைவுக்கு வரும். ஆநிரை கவர்வது வெட்சி, மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி, நேர்நின்று பொருவது தும்பை. ஆனால் அந்த மலரை வீரன் தலையில் சூடிக்கொண்டு வந்தான். எதற்காக வருகிறான் என்பது மலரைப் பார்த்த மாத்திரத்தில் எதிரிக்குத் தெரிந்தது. இன்றைய மலர்ப்பெயர் குண்டு விழும் ஊருக்குத் தெரியாது. நமது பழைய மதிற்பொறிகளின் பெயர்களும் செயலை ஒளிக்கவில்லை. சிலப்பதிகாரம் மதுரை மதிலில் இருந்தவற்றை வரிசைப்படுத்தும்போது கல் உமிழும் கவண், மதிலைப் பற்றுவோரின் கையைக் குத்திப் பெயர்க்கும் ஊசி, சென்று தாக்கும் சிரல் என்று ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. அதே வரிசையில் வருகிற ‘புதை’க்கு அம்புக்கட்டு என்று பொருள். எண்ணாயிரம் அம்புகளைக் கட்டி வைத்த எறிகணைக்குத் தேன்கூடு என்பதைவிட அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இன்று எவருக்கும் விளங்காது என்பதால் ‘சிறுகணை எறிகணை’ என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

எக்ஸ்ரேக்குத் திரும்புகிறேன். 1980ஆம் ஆண்டின் மரபு ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் முதல் நெறிமுறை, எக்ஸ்ரேயில் தெரியாத துண்டுகளால் காயப்படுத்துவதையே முதன்மை விளைவாகக் கொண்ட ஆயுதத்தைத் தடை செய்கிறது. அந்த நெறிமுறையின் சொல்லும் ‘துண்டுகள்’ என்றுதான் இருக்கிறது, ஷ்ராப்னல் என்று இல்லை. சட்டம் எழுதியவர்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள். அந்த நெறிமுறையை வாசித்த பிறகு அம்மாவின் படத்தை மறுபடி பார்த்தேன். மூன்று துண்டுகளில் ஒன்றுகூட உருண்டை இல்லை. அவை ஒரு கூடு உடைந்த துண்டுகள்.

இரண்டாம் முறை வந்தபோது அவர் ஒரு மருந்துப் போத்தலைக் கொண்டுவந்தார். காயப்பட்டுச் சில ஆண்டுகளுக்குப் பின் தோலுக்கு மேலே தானாக வந்த நான்காவது துண்டு அதற்குள் இருந்தது. விரல் நகத்தின் அளவு, கறுத்துத் துருவேறி, ஒரு பக்கம் வளைவாகவும் மறுபக்கம் அறுத்த தகரம் போலவும் இருந்தது. அதை மேசையில் வைத்துக்கொண்டுதான் மொழிபெயர்ப்பை எழுதினேன்.

‘இடது தொடையில், எறிகணை வெடித்ததால் உண்டான உலோகச் சிதறல் துண்டுகள் பல காணப்படுகின்றன’ என்று எழுதினேன். ‘எறிகணை’ மூலத்தின் அந்த வரியில் இல்லை. அறிக்கையின் முதற்பந்தியில் குண்டுவீச்சு என்று வைத்தியர் குறித்திருந்ததை ஆதாரமாகக் காட்டி, ஆங்கிலச் சொல் இன்றைய மருத்துவ வழக்கில் எறிகணைக் கூட்டின் சிதறலையே குறிக்கும், துப்பாக்கி ரவையைக் குறிக்காது என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு ஒன்றையும் கீழே சேர்த்தேன். என் தொழிலில் குறிப்புச் சேர்ப்பது அரிது. சொல்லை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், ஒரே அறிக்கைக்கு இரண்டு தமிழாக்கங்கள் ஏன் என்ற கேள்வியோடு கோப்பு மறுபடியும் திரும்பியிருக்கும்.

கையெழுத்திட்டு முத்திரை குத்துமுன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘சிதறல்’ என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஓம், சிதறினதுதான். ஆனா என்ர வாக்குமூலத்தில பீஸ் எண்டே இருக்கட்டும் தம்பி, நான் அப்பிடித்தான் சொன்னனான்.”

வாக்குமூலத்தில் நான் கை வைக்கவில்லை. மகன் மருந்துப் போத்தலின் மூடியை இறுக்கிக் கோப்போடு பைக்குள் வைத்தார். இருவரும் மூதூர் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள்.